நிறுத்துறது எப்பண்ணே? மெக்சிகோ பாடகர் விசென்தே ஃபெர்னாந்தெஸ் பத்தி ஒரு ட்ரம்பெட்காரன் கேள்வி

மூணுவால்வு_செல்லூர்:

எல்லாருக்கும் வணக்கம்ணே. நான் மதுரையில ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுல ட்ரம்பெட் வாசிக்கிறேன். மாசி, பங்குனி, சித்திரையில கோயில் கச்சேரி, முகூர்த்த மாசத்துல பேண்ட் செட்டு. ஆடி, மார்கழியில மச்சினன் கடையில சட்டைக்கு காஜா எடுக்குறது. பாட்டைப் பத்தித்தான் கேக்க வந்திருக்கேன். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எங்க குழுவோட பாடகர் எங்க சித்தப்பா. வயசு 67. டி.எம்.எஸ் பாட்டு மட்டுந்தான் பாடுவார். டி.எம்.எஸ் பொறந்த ஊர்ல டி.எம்.எஸ் பாடிப் பொழைக்கிறது எவ்வளவு செரமம்னு இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். முன்வரிசையில துண்டைப் போட்டு உக்காந்திருக்கிற ஒவ்வொரு பெருசும் பரீட்சைப் பேப்பர் திருத்துற வாத்தியார்தான். சித்தப்பா முப்பது வருசமா அந்தப் பரீட்சையில பாஸ்.

ரெண்டு வருசமா மேல எட்ட மாட்டேங்குது. அனுபல்லவி தாண்டி சரணத்துல ஏறுற எடத்துல குரல் ரெண்டா பிளக்குது. அவருக்கும் தெரியும். ஆனா வாய் விட்டுச் சொல்ல மாட்டார். மேடைக்கு ஏறும்போது கீபோர்டு தம்பி காதுல மட்டும், "அரைக்கட்டை எறக்கிக்கடா"ம்பார், சுருதியைத்தான். முழுக்கட்டை எறக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அது அவருக்கு மானப்பிரச்சினை. கீபோர்டுக்காரனுக்கு என்ன, ஒரு பட்டன். ட்ரம்பெட்டுல வந்து பாருங்க. ட்ரம்பெட்டுல நாங்க பாட்டை விட ஒரு முழுக்கட்டை மேல பிடிச்சு வாசிக்கணும், அதனால சி ஸ்கேல் பாட்டுன்னா நான் டி-ல ரெண்டு ஷார்ப்போட நிம்மதியா வாசிப்பேன். அரைக்கட்டை எறங்கி பி ஆச்சுன்னா எனக்கு ஏழு ஷார்ப்பு. மூணு வால்வும் மூணு விரலும் சேந்து பின்னிக்கும். இவரு மானத்துக்கு நான் நடுராத்திரியில விரலை ஒடிக்கிறேன்.

போன மாசி மாசம் வாடிப்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஊர். எட்டாவது பாட்டுல குரல் உடைஞ்சிருச்சு. பின்னாடி நின்ன பசங்க விசில் அடிச்சாய்ங்க, நல்ல விசில் இல்ல. கச்சேரி முடிஞ்சு பாக்கிப் பணத்தை எண்ணிக் குடுக்கும்போது விழாக்கமிட்டிக்காரர், "அடுத்த வருசம் கொஞ்சம் எளவட்டமா கூட்டிட்டு வாங்கப்பா" அப்படின்னார். சித்தப்பா பக்கத்துலயே நின்னு சால்வையை மடிச்சுக்கிட்டு இருந்தார். வேன்ல வரும்போது சமயநல்லூர் வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. அப்புறம் கீபோர்டு தம்பியப் பாத்து, "ஏன்டா, சுருதியக் கூட்டி வச்சுட்டியா?"ன்னார். அவன் என்னையப் பாத்தான். "ஆமாண்ணே, கை தவறிருச்சு"ன்னுட்டான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. போன்ல ட்ரம்பெட் வீடியோவாப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணுல ரெண்டு ட்ரம்பெட்டு, மேல கீழ ஜோடி சேத்து வாசிக்கிறாய்ங்க. எங்களுக்கு நாயனம் ஜோடி கேட்டுப் பழகின காது, எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஏழெட்டு வயலினு, வயித்துல சாச்சு வச்ச பெரிய கிதார், இந்த மாதிரிக் குழுவுக்கு மரியாச்சின்னு பேராம். நடுவுல வட்டத்தொப்பி போட்ட ஒரு பெரியவர், மீசை, கால்சட்டை ஓரம் பூரா வெள்ளிப் பொத்தான். ஸ்டேடியம் நெறைஞ்ச ஜனம், பாதிப்பேர் அழுகுறாய்ங்க. பேரு விசென்தே ஃபெர்னாந்தெஸ், அது அவரோட கடைசிக் கச்சேரி, அப்ப அவருக்கு வயசு 76.

76! எங்க சித்தப்பா அவருக்குத் தம்பி மாதிரி.

கேள்வி இதுதான். இந்த மனுசன் எப்படி வந்தார், எப்படி அவ்வளவு வருசம் நின்னார்? நிறுத்தணும்னு அவருக்கா தோணுச்சா, இல்ல யாராவது சால்வை மடிக்கும்போது சொன்னாய்ங்களா? மெக்சிகோ பக்கம் போனவங்க, கேட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே.

தோசைக்கல்லு_உசிலம்பட்டி:

தம்பி, உன் கேள்விக்குக் காத்துக்கிட்டே நான் உக்காந்திருந்தேன்னு வச்சுக்க. நான் மெக்சிகோ போகல. ஆனா ஹூஸ்டன்ல நம்ம சாப்பாட்டுக் கடை ஒண்ணுல ஒம்பது வருசம் தோசை, பரோட்டா போட்டேன். கல்லுல நான் நின்னா, பின்னாடி தொட்டியில பாத்திரம் கழுவுறது, வெங்காயம் உரிக்கிறது எல்லாம் மெக்சிகோக்காரங்க. அடுப்படி ரேடியோ அவங்க கையில. ஒம்பது வருசம் இந்த மனுசன் குரல்லதான் மாவு கரைச்சேன்.

அங்க யாரும் முழுப்பேரு சொல்ல மாட்டாங்க. "சென்தே". நாம வாத்தியார்னு சொல்ற மாதிரி.

1940 பிப்ரவரி 17, குவாதலஹாரா நகரத்து ஓரத்துல உவென்தித்தான்னு ஒரு ஊர்ல பொறந்தவர். ஹாலிஸ்கோ மாநிலம். மரியாச்சி, தெக்கீலா சாராயம் ரெண்டுக்கும் அதுதான் சீமை. அப்பா மாடு கன்னு வச்சிருந்த ஆளு. அம்மா சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். திரையில பெத்ரோ இன்ஃபாந்தே பாடுறதைப் பாத்துட்டு, பெரியவனானா நானும் இப்படி ஆவேன்னு அம்மாகிட்ட சொன்ன பையன். எட்டு வயசுல கிதார். பதினாலுல குவாதலஹாராவுல ஒரு போட்டியில முதல் பரிசு. அதோட வாழ்க்கை ஒசந்துருச்சுன்னு நெனச்சுறாத. கொத்தனார் வேலை, பாத்திரம் கழுவுறது, ஓட்டல் சர்வர் வேலை. கல்யாண வீட்டுல மரியாச்சிக்காரங்களோட நின்னு பாடுறது. என் தொட்டிக்கார நண்பனுக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். "சென்தேயும் இதே தண்ணியிலதான் கை வச்சவர்"னு ஈரக்கையைத் தூக்கிக் காட்டுவான்.

மெக்சிகோ நகரத்துல கரிபால்தின்னு ஒரு சதுக்கம் இருக்கு. மரியாச்சிக்காரங்க உடுப்பு மாட்டி வாத்தியத்தோட அங்க நிப்பாங்க, தேவைப்பட்டவன் வந்து கூட்டிட்டுப் போவான். அவன் சொன்னப்ப எனக்கு நம்ம சுண்ணாம்புக்காரத் தெருதான் ஞாபகம். நாடக ஏஜெண்டுக் கடையில தேதி எழுதிப் போடுவாங்களே, அதேதான், இது கொஞ்சம் வெட்ட வெளியில.

ரெக்கார்டு கம்பெனிக்காரங்க முதல்ல இவரை உள்ள விடல. அப்ப அவங்களுக்கு ஹவியேர் சோலிஸ்னு ஒரு பாடகர் இருந்தார், உச்சத்துல இருந்தார். அதுக்கு முந்தி ஹோர்ஹே நெக்ரேத்தே 1953-ல போயிட்டார், பெத்ரோ இன்ஃபாந்தே 1957-ல விமான விபத்துல போயிட்டார். மிச்சம் சோலிஸ். 1966 ஏப்ரல்ல ஆபரேசனுக்குப் போன சோலிஸும் 34 வயசுல போயிட்டார். அதுக்கப்புறந்தான் இவரைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கினாங்க. மூணு பேரு சாவுக்குப் பின்னாடி காலியான நாற்காலி தம்பி அது. இவரு தட்டிப் பறிச்சதில்ல. ஆனா பாத்திரம் கழுவிக்கிட்டு வாசல்லயே நின்னிருந்தார் பாரு, அங்கதான் இருக்கு விசயம். பெத்த அம்மா 1963-லயே புத்துநோயில இறந்துட்டாங்க. மகன் பாட்டு ஒண்ணைக்கூட ரேடியோவுல கேக்கல.

இப்ப உன் தொழிலுக்கு வர்றேன். 1972-ல "வோல்வேர் வோல்வேர்"னு ஒரு பாட்டு, ஃபெர்னாந்தோ மல்தொனாதோன்னு ஒருத்தர் எழுதினது. "திரும்பணும், திரும்பணும்"னு அர்த்தம், விட்டுட்டு வந்தவகிட்ட. இவரைத் தூக்கி நிறுத்தினது அதுதான். காது கொடுத்துக் கேளு. ஆரம்பம் கிட்டத்தட்ட பேச்சு. கீழ் சுருதியில, ராத்திரி கடை அடைக்கிற நேரத்துல ஒருத்தன் முணங்குற மாதிரி. நடை மூணு மூணா உருளும். மேல போற எடம் ஒண்ணே ஒண்ணு, அந்த "வோல்வேர்". அந்த எடம் வரும்போது சனம் மொத்தமும் சேந்து பாடும். அவரு மைக்கைக் கீழ எறக்கிருவார். 32 வயசுலயும் அது வேலை செஞ்சுச்சு, 76-லயும் செஞ்சுச்சு. மேல் சுருதியை ஜனத்துகிட்ட குடுத்து வச்சிருந்தார் மனுசன், வங்கியில போட்ட மாதிரி.

இன்னொண்ணு. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ட்ரம்பெட்டு நடுவுல புகுந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகும் கேட்டியா? கேக்குறவனுக்கு அது அலங்காரம். பாடுறவனுக்கு அது மூச்சு.

பலேங்கேன்னு ஒரு எடம். வட்டமா கட்டின சேவச்சண்டைக் களம். சந்தை நாள்ல சேவச்சண்டை முடிஞ்சதும் அதே மண்ணுல நின்னு பாடணும். நாலு பக்கமும் ஆளு, எல்லாப் பக்கமும் போதை. அங்க பழகினவர். "நீங்க கைதட்டுறத நிறுத்தாத வரைக்கும் உங்க சென்தே பாடுறத நிறுத்த மாட்டான்"னு சொல்லுவார், அப்படியே மூணு மணி நேரம், நாலு மணி நேரம். 1984-ல மெக்சிகோ நகரத்துக் காளைச்சண்டை மைதானத்துல 54,000 பேர். நம்ம வாடிவாசல் மாதிரி நெனச்சுறாத, அங்க அப்பல்லாம் மாட்டைக் கொன்னுருவாய்ங்க. எனக்கு அது புடிக்கல, அது வேற பேச்சு.

2007-ல ஹோவான் செபாஸ்தியான்னு இன்னொரு பெரிய பாடகர் பாட்டு எழுதிக் குடுத்து, "பாரா சியெம்ப்ரே"ன்னு ஒரு ஆல்பம் வந்துச்சு. பல வருசம் கழிச்சும் எங்க ஓட்டல் அடுப்படியில அதுதான் ஓடும். அந்தப் பாட்டுகளுக்கு பழைய முரட்டு ஏத்தம் கிடையாது. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி, பொறாமையப் பத்தி, வயசானவன் சொல்ற மாதிரி. அவருக்கு அப்ப என்ன வயசு தெரியுமா? 67. உங்க சித்தப்பா வயசு.

வெண்கலக்கடை:

இது இசை மன்றமா, வெளிநாட்டு வேலைவாய்ப்பு மன்றமா? அட்மின் கவனிக்கவும். அப்படியே ஒரு சந்தேகம்: அந்தாளு படத்துல நடிச்சாரா? குதிரை மேல உக்காந்த போஸ்டர் ஒண்ணு பாத்த ஞாபகம்.

தோசைக்கல்லு_உசிலம்பட்டி:

நடிச்சார்ணே. 1971-ல ஆரம்பிச்சு இருபது வருசம், முப்பது படத்துக்குக் கிட்ட. குதிரை, துப்பாக்கி, பாட்டு. குதிரை நெஜமாவே அவர் குதிரைதான். குவாதலஹாராவுக்கு வெளிய பெரிய பண்ணை, பேரு "மூணு குட்டிக்குதிரை". மூணு மகன்களை வச்சு அந்தப் பேரு. 1998-ல மூத்த மகனை அங்கிருந்தே கடத்திட்டுப் போயி ரெண்டு விரலை வெட்டினாய்ங்க. மாசக்கணக்குல அடைச்சு வச்சிருந்தாய்ங்க. பணம் குடுத்துத்தான் மீட்டார். அதுக்கு நடுவுலயும் மேடையை விடல. இதை என் நண்பன் பெருமையாச் சொல்லுவான். எனக்குப் பெருமையாத் தெரியல, பயமாத்தான் இருந்துச்சு.

பின்பாட்டு_ஆர்மோனியம்:

தம்பி மூணுவால்வு, நான் ஸ்பெசல் நாடகத்துல ஆர்மோனியம். உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியாது, ஆனா அந்த அரைக்கட்டையைத் தெரியும். எங்க ராஜபார்ட் ஒருத்தருக்கு நாலு வருசம் அதே அரைக்கட்டையில பெட்டி வாசிச்சிருக்கேன்.

தோசைக்கல்லு அண்ணன் நல்லா எழுதியிருக்கார், ஆனா ஒரு எடத்துல எனக்கு ஒப்பவில்லை. அந்த மெக்சிகோக்காரர் கதையை சித்தப்பாவுக்குச் சொல்லி, "76 வரைக்கும் பாடலாம்"னு ஏத்திவிட்டுறாதீங்க. அவரு 2012 பிப்ரவரியில மேடையை விடப்போறேன்னு அறிவிச்சார். கடைசிக் கச்சேரி 2016 ஏப்ரல் 16. நாலு வருசம் ஊர் ஊராப் போயி விடைபெற்றிருக்கார். அதுலயே 2012-ல கல்லீரல்ல கட்டி எடுத்திருக்கார். நமக்கு விடைபெறுறதுக்கு நாலு வருசம் யாரு குடுப்பா? அந்தக் கடைசிக் கச்சேரி அஸ்தேக்கா ஸ்டேடியத்துல இலவசம். 80,000 பேருக்கு மேல. நாற்பதுக்கும் மேல பாட்டு. இலவசமாப் பாடி முடிக்கிறதுக்கு அம்பது வருசச் சம்பாத்தியம் பின்னாடி வேணும். உங்க சித்தப்பாவுக்கு ராத்திரிக்கு ரெண்டாயிரமா, ரெண்டாயிரத்து ஐந்நூறா? அவரு நிறுத்தினா அடுத்த மாசம் வீட்டுல என்ன?

இன்னொண்ணும் பாருங்க. அவருக்கு ஒரு மகன், அலெஹாந்த்ரோ. சின்ன வயசுலயே அப்பாவோட மேடை ஏறினவன், இன்னைக்கு பெரிய பாடகன். சோலிஸ் போனப்ப காலியான நாற்காலி மாதிரி இவரு எந்திரிச்சப்ப எதுவும் காலியாகல. ஆள் தயாரா நின்னுச்சு. எங்க நாடகத்துல அப்படி ஆள் தயார் பண்ணாமத்தான் பாதி வேஷம் அழிஞ்சுபோச்சு.

எங்க ராஜபார்ட்டுக்கு நான் என்ன செஞ்சேன்னா, அவரு தொட முடியாத சுரத்தை நான் பெட்டியில பிடிச்சு நிறுத்துவேன். அவரு வலது கையை மெதுவா மேல தூக்குவார், வாய் திறந்திருக்கும். சனம் அவரு பாடினதாத்தான் கைதட்டும். கடைசி வருசம் அவருக்கே அது தெரியுமா தெரியாதான்னு நான் கேக்கல. ஒருநாள் திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு மேடையில அரிதாரத்தைக் கலைச்சுக்கிட்டே, "பெட்டி இன்னைக்கு நல்லாப் பாடுச்சு"ன்னார். அவ்வளவுதான். நாடகக்காரங்க படம் போட்டு அடிக்கிற அடுத்த வருசத்துக் காலண்டருக்கு அவரு போட்டோ குடுக்கல.

அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. எப்ப நிறுத்தணும்னு கேக்காதீங்க. எதை நிறுத்தணும், எதை வச்சுக்கணும்னு கேளுங்க. பதினஞ்சு பாட்டு பாடுறவரு அஞ்சு பாடலாம். மிச்சத்துக்கு ஒரு பையனைப் பிடிங்க.

தோசைக்கல்லு_உசிலம்பட்டி:

பெட்டிக்கார அண்ணே சொன்னது சரி. பணக்கணக்கை நான் விட்டுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். 2021 டிசம்பர் 12, ஞாயித்துக்கிழமை. அந்த நாள் அவங்களுக்கு குவாதலூப்பே மாதா திருநாள். முதல்நாள் ராத்திரியே கோயிலுக்குப் போயி விடிய விடிய மாதாவுக்குப் பாடிட்டு வருவாங்க. சென்தே ஆகஸ்ட்ல பண்ணையில கீழ விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தார். அன்னைக்குக் காலையில போயிட்டார். 81 வயசு.

என் நண்பன் கோயில்ல இருந்து வீட்டுக்குப் போகாம நேரா வேலைக்கு வந்துட்டான். அதே வெள்ளைச் சட்டை. யாரோடயும் பேசல. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எங்க கடையில கூட்டம் அலைமோதும். கொத்து பரோட்டா மட்டும் பதினேழு ஆர்டர் நின்னுச்சு. அவன் ரேடியோவைப் போட்டான், வோல்வேர் வோல்வேர். அந்த எடம் வந்ததும் தொட்டிக்கிட்ட நின்ன நாலு பேரும் தலையைத் தூக்கிக் கத்தினாய்ங்க. ஒரு மாதிரி கூவல் அது, சிரிப்பும் அழுகையும் சேந்து தொண்டையில இருந்து வரும். இவங்க பாட்டுக்கு நடுவுல எல்லாரும் அப்படித்தான் கூவுவாங்க. வெளிய சாப்பிட்டவங்க எந்திரிச்சுப் பாத்தாங்க. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. கையில ரெண்டு கொத்துக்கரண்டி. அவங்க நடைக்கு, மூணு மூணா, கல்லுல கொத்தினேன். நம்ம நாலுக்கு நாலு கொத்துக்கு அது ஒத்து வராது, பரோட்டா கொஞ்சம் பெருசு பெருசாத்தான் விழுந்துச்சு. முதலாளி ஒண்ணும் சொல்லல.

மூணுவால்வு_செல்லூர்:

ரெண்டு வாரம் பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கங்க. சித்திரை மாசம், வேலை ஓயல.

பெட்டிக்கார அண்ணே, நீங்க கேட்ட தொகை கிட்டத்தட்ட சரி. அதுல வேன் டீ செலவு போகும்.

உங்க எழுத்தை சித்தப்பாகிட்ட காட்டல. காட்டுற தைரியம் இல்ல. ஆனா அந்த அஸ்தேக்கா வீடியோவைக் காட்டினேன். திண்ணையில உக்காந்து, என் போனை கை நீட்டி தூரமாப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தார். முதல் அஞ்சு நிமிசம் தொப்பியைப் பத்தித்தான் பேச்சு, "இவ்வளவு பெரிய தொப்பியப் போட்டா மைக்கு இடிக்காதா?" அப்புறம் அமைதியாயிட்டார். வோல்வேர் வந்துச்சு. அவர் மைக்கை எறக்கினதும், ஜனம் பாடினதும், சித்தப்பா போனை என் பக்கம் திருப்பி, "பாத்தியா, இவன் மேல போகல"ன்னார். எங்களுக்கு மொழி தெரியாது, ஆனா அது அவருக்கு ஒரே தடவையில தெரிஞ்சுபோச்சு. "கள்ளன்"னார். சிரிச்சார். அவரு அப்படிச் சிரிச்சு மாசக்கணக்காச்சு.

அப்புறம் உள்ள போயி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்தார். அதுல என்ன இருக்குன்னு எனக்கு இத்தனை வருசம் தெரியாது. துண்டுச்சீட்டு. மேடைக்கு கீழ இருந்து பாட்டுக் கேட்டு அனுப்புவாங்கல்ல, அது. தபால் கார்டுல கிழிச்சது, பீடிக்கட்டு தாள், இட்லிக்கடை பில்லு, கல்யாணப் பத்திரிகை ஓரம். "பாடகர் அவர்களுக்கு, இந்தப் பாடலை விரும்பிக் கேட்பது" அப்படின்னு ஆரம்பிச்சு எட்டு பேரு, பத்து பேரு. ஒண்ணுல "மறைந்த எங்கள் தந்தை நினைவாக". ஒண்ணுல பத்து ரூபா நோட்டு குண்டூசியோடயே இருந்துச்சு, ஊசி துருப்பிடிச்சு நோட்டுல பழுப்பா கறை. செலவழிக்கல. இருக்கிறதுல எந்தப் பாட்டுக்குச் சீட்டு ஜாஸ்தின்னு எண்ணச் சொன்னார். ரெண்டு பேரும் திண்ணையில பரப்பி எண்ணினோம். காத்து வரும்போதெல்லாம் அவரு செருப்பைத் தூக்கி சீட்டு மேல வச்சார். ஆறு பாட்டு தேறுச்சு. "இந்த ஆறு எனக்கு. மிச்சத்தை அந்த அனுப்பானடிப் பையன் பாடட்டும்"ன்னார்.

நாங்க எதுவும் கேக்கல. அவராத்தான் சொன்னார். எந்தப் பையன்னு அவரு ஏற்கெனவே பாத்து வச்சிருக்கார்னு அப்பத்தான் எனக்குத் தெரியும்.

நேத்து அலங்காநல்லூர்ப் பக்கம் கச்சேரி. பத்து மணிக்கு மைக்செட்டை நிறுத்தணும்னு போலீஸ்காரர் ஏழு மணிக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டார். கைதட்டுறது நிக்கிற வரைக்கும் பாடுறதெல்லாம் இங்க ஆகாது, கை தட்டிக்கிட்டே இருந்தாலும் பத்துக்கு பீஸைப் பிடுங்கிருவாய்ங்க. பையன் ஒம்பது பாட்டு பாடினான். பரவாயில்ல, அவசரப்படுறான். சித்தப்பா நடுநடுவுல ஏறி அஞ்சு பாடினார். தோசைக்கல்லு அண்ணே, நீங்க சொன்ன அந்த இடைவெளியில நான் வாசிச்சுப் பாத்தேன். வரி முடிஞ்சதும் ரெண்டே சுரம், சின்னதா. அதுக்குள்ள அவரு தோள் எறங்கி மூச்சு வாங்குறது எனக்குப் பக்கவாட்டுல தெரிஞ்சுச்சு. இருபத்தோரு வருசம் பக்கத்துல நின்னிருக்கேன், அவரு எங்க மூச்சு விடுறார்னு ஒரு நாளும் பாத்ததில்ல.

ஆறாவது, கடைசிப் பாட்டு. மணி 9:48. அதுதான் வாடிப்பட்டியில உடைஞ்ச பாட்டு. கீபோர்டு தம்பி வழக்கம்போல அரைக்கட்டை எறக்கி வச்சுட்டு அவரைப் பாத்தான். நான் ஏழு ஷார்ப்புக்கு விரலை மடக்கிக்கிட்டு நிக்கிறேன். சித்தப்பா மைக்கை உள்ளங்கையால மூடினார். தம்பிகிட்ட குனிஞ்சு, "இன்னொரு அரையும் எறக்கு"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கு வாசிக்க வருமாடா?"ன்னு கேட்டார்.

பி ஃபிளாட்டுண்ணே. ட்ரம்பெட்டுக்கு அது சொந்த வீடு. ஒரு ஷார்ப்பு கிடையாது, ஒரு ஃபிளாட்டு கிடையாது.

"வரும் சித்தப்பா"ன்னேன்.